அல்சூரில் ஒரு மெய்ப்பு மேசை

விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவருடைய கைபேசி அதிர்ந்தால் பெரும்பாலும் யாரோ இறந்திருக்கிறார்கள். அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பக்கத்து ஃப்ளெக்ஸ் கடைகளில் இரவெல்லாம் விழித்திருக்கும் பையன்கள் வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்புவார்கள். “ண்ணா, ஒரு தடவ பாத்துடுங்க. ஏழு மணிக்குக் கட்டணும்.” கறுப்புப் பின்னணி, மாலை போட்ட புகைப்படம், நடுவில் பெரிய எழுத்தில் ‘ஆழ்ந்த இறங்கள்’. அதற்கும் கீழே கட்டம் கட்டி, ‘இவன்: குடும்பத்தார்’.

அவர் முதலில் கைவைப்பது கீழே இருக்கும் சொல்லில்தான். ‘இவண்’ பழைய சொல். இவ்விடம் என்று பொருள். யார் சார்பில் செய்தி விடுக்கப்படுகிறது என்று காட்ட அழைப்பிதழிலும் பதாகையிலும் அதைப் போடுகிறார்கள். பேச்சில் அது இல்லை, அச்சில் மட்டும் உயிர்வாழ்கிறது. வாயில் வராத சொல்லைத் தட்டும்போது விரல் தானாகவே தெரிந்த சொல்லுக்குப் போய்விடும். ண் போய் ன் வந்ததும் ‘இவ்விடம்’ என்பது ‘இந்த ஆள்’ ஆகிவிடுகிறது. துக்கத்தில் நிற்கும் குடும்பம் முழுவதையும் அந்த ஓர் எழுத்து மரியாதைக் குறைவாக விளிக்கிறது.

‘இறங்கள்’ இன்னும் சிக்கலானது. இரங்குவது மனம் கசிவது. இறங்குவது கீழே வருவது. அதில் இடையின ரகரம், இதில் வல்லின றகரம். இறுதியில் ‘ல்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ள்’ வந்ததற்குக் காரணம் வேறு. வாழ்த்துகள், நன்றிகள், பாராட்டுகள் என்று கைபேசியில் நாம் அனுப்பும் செய்திகள் பெரும்பாலும் ‘கள்’ என்றே முடிகின்றன. அந்தப் பழக்கத்தில் இரங்கலும் ஒரு பன்மைச் சொல் என்று கை நினைத்துக்கொள்கிறது. ஒரே சொல்லில் இரண்டு பிழைகள். ஒன்று ஒலியால் வந்தது, மற்றது பழக்கத்தால் வந்தது. பிழையைக் கண்டதும் அது எங்கிருந்து வந்தது என்று தேடும் குணம்தான் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான தொழிலில் அவர் சேர்த்த சொத்து.

பெயர் போடக் கூடாது என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை. மெய்ப்பு பார்ப்பவர் பெயர் புத்தகத்தில் வருவதில்லை, கட்டுரையில் மட்டும் எதற்கு என்றார். ஆகவே இங்கே அவர் ‘அவர்’தான்.

பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத் தொழிலாளி. பெங்களூரிலிருந்து சுமார் 100 கி.மீ. கிழக்கே உள்ள அந்த ஊர், கர்நாடகத்துக்குள் தமிழ் எழுத்து தழைத்த இடம். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைந்து ஆண்டுகள் கழித்து, 1920களில் தங்கவயலிலிருந்துதான் மீண்டும் வெளிவந்தது. ஷிப்டு முடிந்து வந்த தொழிலாளர்கள் சேர்ந்து உட்கார்ந்து பத்திரிகை படிக்கக் கேட்ட ஊர் என்று அவருடைய தாத்தா சொல்வாராம். அங்கே ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சிறிய அச்சகத்தில் 1980 வாக்கில், பதினெட்டு வயதில், எழுத்துக் கோப்பவராகச் சேர்ந்தார். ஈய எழுத்துகளை அறை அறையாகப் பிரித்து வைத்திருக்கும் மரத்தட்டு ‘கேஸ்’. அதிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி ‘ஸ்டிக்’கில் அடுக்க வேண்டும். ண வேறு அறை, ன வேறு அறை, ந வேறு அறை. கை நீளும் திசையே வேறு. மூன்றையும் குழப்ப வேண்டுமானால் மூன்று வெவ்வேறு இடத்துக்குக் கை போக வேண்டும். அதனால் அந்தக் காலத்துப் பிழைகளில் ணகர னகரக் குழப்பம் குறைவு என்கிறார். தலைகீழாக விழுந்த எழுத்து, அறை மாறிக் கிடந்த எழுத்து, விட்டுப்போன வரி ஆகியவைதான் அப்போது அவரைத் தூங்கவிடாதவை.

அவர் தொழிலுக்கு வந்த காலம் எழுத்தே மாறிக்கொண்டிருந்த காலம். பெரியார் 1935இல் தம் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துகளைத் தமிழக அரசு 1978இல் ஏற்று ஆணையிட்டது. ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போன்ற பழைய வடிவை விட்டன. ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவை விட்டு எல்லா எழுத்துகளையும் போலக் கால் வாங்கிக்கொண்டன. ஆணை சென்னையில் வந்தது. கர்நாடகத்து அச்சகங்களின் கேஸில் பழைய ஈயமே இருந்தது. ஒரே திருமணப் பத்திரிகையில் மணமகன் பெயர் புது எழுத்திலும் மணமகள் பெயர் பழைய எழுத்திலும் வந்ததை அவர் பார்த்திருக்கிறார். எது பிழை, எது பழைய வழக்கம் என்று பிரித்துப் பார்க்க அப்போதுதான் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதற்கு முன்பே அவர் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வந்துபோகத் தொடங்கியிருந்தார். பிறகு குடும்பத்தோடு அல்சூரில் குடியேறினார். பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கும் பகுதி அது. 1950இல் தோன்றிய சங்கம். ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 1991 முதல் மூடியபடியே நின்று, 18 ஆண்டுகளுக்குப் பின் 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. அந்த வாரம் முழுவதும் சுற்றுவட்டாரப் பதாகை வேலைகள் அவர் மேசைக்கு வந்தன. ‘திரப்பு விழா’ என்று வந்த படங்களை ‘திறப்பு விழா’ என்று ஆக்கியே விரல் வலித்தது. வள்ளுவரை ‘வல்லுவர்’ ஆக்கியவையும் இருந்தன. பதினெட்டு ஆண்டு காத்திருந்த பெயர் பிழையில்லாமல் வரவேண்டும் என்று இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தார். அந்த வேலைக்கு யாரிடமும் பணம் கேட்கவில்லை.

இன்று அவரிடம் வருவது பலவகை. பதாகை, பத்திரிகை, சங்க மலர் ஒருபுறம். மறுபுறம் கைபேசிச் செயலிகளுக்கான தமிழ் வரிகள், கடைகளின் இணைய விளம்பரங்கள், குடியிருப்புக் குழுக்களின் அறிவிப்புகள். எல்லாமே திரையில் பிறந்து திரையில் படிக்கப்படுபவை. இந்த எழுத்தில் விழும் பிழைகள் அச்சுக்காலத்துப் பிழைகளிலிருந்து வேறுபட்டவை. ஏன் என்பதற்கு அவர் தரும் விளக்கம் எளிது: விரல் இப்போது தமிழைத் தொடுவதில்லை, ஆங்கில எழுத்தைத் தொடுகிறது.

ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் n தட்டினால் ந, ன, ண மூன்றும் வரலாம். l தட்டினால் ல, ள. ழவுக்கு z என்பதும் zh என்பதும் பழகியவர்களுக்கே தெரியும். r தட்டினால் ர, ற. பெரிய எழுத்தில் N, L, R தட்டினால் ண, ள, ற வரும் முறைகள் உண்டு. ஆனால் கைபேசியில் யாரும் அவ்வளவு பொறுமையாகத் தட்டுவதில்லை. செயலி ஊகித்து முதலில் காட்டும் சொல்லைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட ‘தமிழ்99’ விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்யெழுத்துகள் வலப்பக்கமும் இருக்கும். ண, ன, ந மூன்றுக்கும் தனித்தனி விசை. பழைய ஈயக் கேஸைப் போலவே கை நீளும் திசை வேறு. அதில் பழகியவர்கள் அனுப்பும் வரிகளில் இந்தக் குழப்பம் அரிது என்பது அவருடைய அனுபவம். இளைஞர் யாராவது அவரிடம் பிழையில்லாமல் எழுத வழி கேட்டால் முதலில் இலக்கணப் புத்தகத்தைச் சொல்வதில்லை. விசைப்பலகையை மாற்றச் சொல்கிறார். இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் கை கற்றுக்கொள்ளும் என்பார்.

செயலி தரும் ஊகச் சொல்லுக்கும் எல்லை உண்டு. தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டு வளர்பவை. ‘இறைவன்’ என்று தட்டினால் செயலி சரியாகவே தரும். ‘இறைவனடி’ என்று சேர்த்துத் தட்டினால் அந்தச் சேர்க்கை அதன் பட்டியலில் இல்லாமல் போகலாம். தட்டிய எழுத்தை அப்படியே வைத்துவிடும்.

இதை அவர் கற்றுக்கொண்டது ஒரு பெண் வழியாக. ஒயிட்ஃபீல்டு பக்கம் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பள்ளியில் ஆங்கில வழி, இரண்டாம் மொழி கன்னடம். வீட்டில் தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்டிப் படிப்பார், எழுதியதில்லை. பாட்டி இறந்துவிட்டார். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும், பாட்டியின் தோழிகளுக்கும் அப்படியே. “அங்கிள், பாட்டிக்குத் தமிழ்லதான் போடணும். நானே டைப் பண்ணினேன், கொஞ்சம் பாருங்க.” அவர் பார்த்தார். ‘எங்கள் பாட்டி இரைவனடி சேர்ந்தார்’ என்று இருந்தது. இரை என்றால் விலங்கின் உணவு. அவர் அதைச் சொல்லவில்லை. “ரவை றவா மாத்தும்மா, மத்தபடி எல்லாம் சரி” என்று மட்டும் சொன்னார். மற்றபடி இன்னும் மூன்று பிழைகள் இருந்தன. அவற்றை அவரே திருத்தி அனுப்பினார். அந்தப் பெண் எழுதிய முதல் தமிழ் வாக்கியம் அது. வீட்டில் சாவு நடந்த நாளில் யாருக்கும் இலக்கணப் பாடம் எடுக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார்.

பெங்களூருக்கே உரிய பிழைகள் சில உண்டு. இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள் ‘கோளி’ என்றும் ‘வாளை மரம்’ என்றும் எழுதும்போது வெளியூர்க்காரர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அவர் அப்படிச் செய்வதில்லை. பழங்கன்னடத்தில் ழகரமும் வல்லின றகரமும் இருந்தன. கல்வெட்டுகளில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். காலப்போக்கில் இரண்டும் வழக்கொழிந்தன. நம் மழை அங்கே ‘மளெ’ ஆயிற்று, வாழை ‘பாளெ’ ஆயிற்று, கோழி ‘கோளி’யாகவே ஆகிவிட்டது. நாள் முழுக்கக் கன்னடம் பேசும் பிள்ளையின் காதில் ளகரம் மட்டுமே விழுகிறது. காதில் விழாத எழுத்து கையில் எப்படி வரும்? தமிழ்நாட்டிலேயே பல வட்டாரங்களில் ழகரம் பேச்சில் தேய்ந்துவிட்டது. அங்கே வளரும் பிள்ளையும் ‘மலை பெய்தது’ என்றுதான் எழுதுகிறது. இதை அறியாமை என்று திட்டுவதில் பயன் இல்லை. அவர் வைத்திருக்கும் மருந்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சொல்லை வைத்துப் படிக்கச் சொல்வது. வாழை, வாளை. முன்னது மரம், பின்னது மீன். பொருள் பிரிந்துவிட்டால் எழுத்தும் பிரிந்து மனத்தில் தங்கும்.

பல ஆண்டு அவருக்கு அடுத்த மேசையில் இருந்தவர் ஒரு கன்னட மெய்ப்பாளர். அவருடைய குறை வேறு: அகரம் வரும் இடத்தில் ஹகரத்தையும் ஹகரம் வரும் இடத்தில் அகரத்தையும் மக்கள் போடுகிறார்கள் என்பது. கன்னட ஊடகங்களில் அந்தப் பிழையை வைத்துக் கேலி செய்வது சாதாரணம். பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்தவர்களே அந்தக் கேலிக்கு ஆளாகிறார்கள் என்று அவர் வருத்தப்படுவாராம். இரு மேசைகளுக்கும் நடுவில் தேநீர் வரும்போதெல்லாம் இதே பேச்சு.

தேநீர் என்றதும் இன்னொன்று. பெங்களூர்த் தமிழ்க் கடைப் பலகைகளிலும் இணையப் பட்டியல்களிலும் ‘தேனீர்’ என்றே பெரும்பாலும் இருக்கிறது. தேயிலையிலிருந்து வந்ததால் தே + நீர், தேநீர். ‘தேனீர்’ என்றால் தேன் கலந்த நீர். ‘எண்ணை’ என்பதும் இப்படித்தான். எள் + நெய் எண்ணெய் ஆயிற்று, ‘ணெய்’ என்று முடிந்தால்தான் உள்ளே இருக்கும் நெய் தெரியும். முந்நூறு ரூபாய் என்பதை ‘முன்னூறு’ என்று எழுதினால் முந்தைய நூறு என்று பொருள் மாறும். ‘சுவற்றில் எழுதாதே’ என்ற பிழை நாடு முழுக்கச் சுவரிலேயே எழுதப்பட்டிருக்கிறது; சொல் ‘சுவர்’, ஆகவே சுவரில். பதறுவதால் வருவது பதற்றம், பதட்டம் அன்று. முயற்சி பெயர்ச்சொல், அதை வினையாக்கி ‘முயற்சித்தார்’ என்பதைவிட ‘முயன்றார்’ என்பதே நேர். ‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்று எழுதுகிறவர் ஒருமையில் தொடங்கிப் பன்மையில் முடிக்கிறார். பள்ளி அறிவிப்பு ஒன்றில் ‘குழந்தைகள்மீது அக்கரை கொண்ட ஆசிரியர்கள்’ என்று வந்தது. அக்கரை எதிர்க்கரை; பரிவுக்கு அக்கறைதான். இவை சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளப்படும் பிழைகள், அவருக்கு இவற்றில் சண்டை வந்ததே இல்லை.

சண்டை வருவது ஒற்றில். ‘கீரைக் கடை’ என்று பலகையில் இருந்தால் கீரை விற்கும் கடை. ‘கீரை கடை’ என்றால் மத்தை எடுத்துக் கடையச் சொல்கிறோம். ‘வேலை கொடு’ என்றால் பணி கேட்கிறோம். ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையில் இருப்பதைக் கேட்பதாகவும் படலாம். இணையத்தில் எழுதுகிறவர்கள் ஒற்றை மொத்தமாக விட்டுவிடுகிறார்கள், அல்லது பயந்துபோய் எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். இரண்டாவதைத் திருத்துவதுதான் கடினம் என்கிறார். வல்லினம் மிகும் இடங்களையும் மிகாத இடங்களையும் விரிவாகச் சொல்லும் நன்னூலை அவர் மேசையிலேயே வைத்திருக்கிறார். அதில் அவருக்கு ஒரு தனிப் பெருமிதம். பவணந்தி முனிவரை அந்நூல் செய்யச் சொன்னவன் சீயகங்கன், மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துச் சிற்றரசன், கங்கர் வழிவந்தவன். கங்கரின் பழைய தலைநகர் குவளாலபுரம். அதுதான் இன்றைய கோலார். எழுநூறு எண்ணூறு ஆண்டுகளாகத் தமிழ்ப் பிள்ளைகள் படித்த இலக்கணத்துக்குப் பின்னால் தம் மாவட்டத்தின் பெயர் இருப்பதைச் சொல்லும்போது அவர் குரல் மாறுகிறது.

எல்லாவற்றுக்கும் ஒரே விடை இருக்கிறது என்று அவர் நம்புவதில்லை. தொழிலின் தொடக்கத்தில் ஒரு கோயில் மலர் முழுவதிலும் ‘கோவில்’ என்று வந்த இடங்களை எல்லாம் அடித்து ‘கோயில்’ ஆக்கினார். மலருக்குக் கட்டுரை கொடுத்திருந்த புலவர் ஒருவர் நேரில் வந்தார். கோ என்னும் ஓகாரத்தின் பின் வகர உடம்படுமெய் வருவதே விதி, ஆகவே கோவில் சரி; நூல்களில் நெடுங்காலம் வழங்குவதால் கோயிலும் சரி. “தம்பி, சரியானதை அடிக்கிறது பிழையை விடுறதைவிடப் பெரிய தப்பு” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல், அகராதி பார்க்காமல் எதையும் அடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் பழஞ்சொல்லுக்கு. 1992இல் முதலில் வந்து பின்னர் விரிந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்றைய சொல்லுக்கு. இரண்டையும் பார்த்த பிறகே சிவப்புப் பேனா.

‘வாழ்த்துகள்’ தகராறும் இதே வகை. ‘வாழ்த்துக்கள்’ என்றால் உள்ளே கள் வந்துவிடுகிறது என்பது ஒரு சாராரின் வாதம். ‘எழுத்துக்கள்’ போன்ற வடிவங்களைப் பெரும்புலவர்களே எழுதியிருக்கிறார்கள் என்பது மறுசாராரின் விடை. அவர் ‘வாழ்த்துகள்’ பக்கம். ஆனால் எழுதியவர் தெரிந்தே ஒற்றுப் போட்டிருந்தால் அதில் கைவைப்பதில்லை. ஒரு பத்திரிகைக்குள் ஒரே வடிவம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்.

செயலிகளுக்கு வரும் தமிழ் வரிகளில் எழுத்துப் பிழை குறைவு, சொற்பிழை அதிகம். ஆங்கிலத்திலிருந்து இயந்திரம் மாற்றியவை அவை. சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டுக்குச் ‘சர்க்கரை இலவசம்’ என்று ஒருமுறை வந்தது. சர்க்கரை நோயாளி ஒருவர் அதைப் படித்தால் என்ன புரிந்துகொள்வார் என்று கேட்டு அன்றைக்கே திருப்பி அனுப்பினார். கன்னடத்திலிருந்து தமிழுக்கு மாற்றும்போது வரும் ஆபத்து நுட்பமானது, ஏனென்றால் சொல் இரண்டு மொழியிலும் ஒன்றாகவே இருக்கும். கன்னடத்தில் ‘அனுமான’ என்றால் ஐயம். தமிழில் அனுமானம் ஊகம். அங்கே ‘சம்சார’ குடும்பம். இங்கே சம்சாரம் மனைவி. அங்கே ‘பிரபந்த’ பள்ளிக்கூடத்துக் கட்டுரை. இங்கே பிரபந்தம் என்றதும் ஆழ்வார்கள் நினைவுக்கு வருவார்கள். ‘உங்கள் சம்சாரத்தில் எத்தனை பேர்?’ என்று ஒரு படிவத்தில் வந்த கேள்வியை ‘குடும்பத்தில்’ என்று மாற்றியதை அவர் தம் வேலையின் நல்ல நாள்களில் ஒன்றாகச் சொல்கிறார். அச்சாகியிருந்தால் எத்தனை பெண்கள் அதை அவமதிப்பாகப் படித்திருப்பார்கள்!

கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிக்க அவருக்குப் பல ஆண்டு பிடித்தது. ‘அவா்’ என்று திரையில் இருக்கிறது. படிக்கிறோம், சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே கணினி சேமித்து வைத்திருப்பது ரகரத்தின் மேல் புள்ளியை அன்று. வகரத்துக்குப் பின் ஒரு காலும், அந்தக் காலின் மேல் ஒரு புள்ளியும். பல எழுத்துருக்களில் காலும் ரகரமும் ஒரே உருவம். பழைய எழுத்துருக்களில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றும்போது இது ஆயிரக்கணக்கில் விழுகிறது. தேடினால் அந்தச் சொல் கிடைக்காது. ஒரு மலரின் மின்பதிப்பில் தம் தந்தையின் பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்று ஒருவர் வந்தபோதுதான் அவர் இதைக் கண்டார். பெயர் மூன்று பக்கங்களில் இருந்தது. பெயரின் இறுதி ‘ர்’, கால் மேல் புள்ளியாக இருந்தது.

இதன் இரட்டைப் பிறவிதான் ‘ஔ’. ஔவையாரை ஒகரமும் ளகரமும் போட்டு ‘ஒளவையார்’ என்று எழுதுகிறார்கள். மௌனத்தை ‘மெளனம்’ என்றும் கௌரவத்தை ‘கெளரவம்’ என்றும் ஒற்றைக்கொம்பும் ளகரமும் கொண்டு தட்டுகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அவருக்குத் தெரிந்த பார்வையற்ற நண்பர் ஒருவர் கணினியில் திரைவாசிப்பான் வழியாகத் தமிழ் கேட்பவர். அவருக்கு அது ‘மெ-ள-னம்’ என்றே கேட்கிறது. ஒரு கதையில் அந்தச் சொல் பலமுறை வந்ததாம்; என்ன சொல் என்று புரிய அரைக் கதை ஆயிற்றாம். அன்று முதல் அவர் எந்தக் கோப்பையும் கண்ணால் பார்த்து முடித்த பின் ‘ெள’ என்று தேடிப் பார்க்காமல் அனுப்புவதில்லை. இதைச் செய்ய ஒரு நிமிடம் கூட ஆகாது. தமிழ் இணைய தளம் நடத்தும் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பது அவருடைய தீராத வேண்டுகோள்.

குழப்பம் புதிதும் அன்று. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழியும். காலும் ரகரமும் ஒன்றே. எகரமும் ஏகாரமும் ஒன்றே. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் ஏகார ஓகாரங்களுக்கு இரட்டைச் சுழிக் கொம்பைக் கொண்டுவந்த பிறகுதான் கொம்பில் தெளிவு வந்தது. உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஒவ்வொரு சொல்லையும் பொருள் பார்த்தே உறுதிசெய்ய வேண்டியிருந்தது. அவர்கள் வாழ்நாளைக் கொடுத்துப் பிரித்து வைத்த இரண்டு எழுத்துகளை எழுத்துரு மாற்றி ஒரு நொடியில் மறுபடி ஒன்றாக்கிவிடுவது அவருக்குத் தாங்கவில்லை.

கருவிகள் இப்போது உதவுகின்றன. நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதும் கணினியாளர் உருவாக்கிய ‘நாவி’ சந்திப்பிழையையும் ‘வாணி’ சொற்பிழையையும் சுட்டுகின்றன. இரண்டையும் அவர் பயன்படுத்துகிறார். ஆனால் பணி வரவேண்டிய இடத்தில் பனி வந்தால், மணம் இருக்க வேண்டிய இடத்தில் மனம் இருந்தால், இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் கருவி பேசாமல் இருந்துவிடலாம். அங்கே மனிதர் படித்தாக வேண்டும். வாய்விட்டுப் படிப்பது அவர் வழக்கம். அவருடைய மனைவிக்கு அக்கம்பக்கத்து மரணச் செய்திகள் எல்லாம் சமையலறையிலேயே தெரிந்துவிடும்.

இப்போது அவருக்கு இருக்கும் கவலை வேறு. ஒரு குடியிருப்பின் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் அவரும் இருக்கிறார். பொங்கலன்று இருபது வயது இளைஞர் ஒருவர் ‘பொங்கல் வால்த்துக்கள்’ என்று தமிழில் போட்டார். பெங்களூரில் பிறந்தவர், பள்ளியில் தமிழ் படிக்க வழி இல்லாதவர், அதுவரை ஆங்கிலத்தில் மட்டுமே எழுதியவர். ஐந்து நிமிடத்தில் பெரியவர்கள் வரிசையாக வந்தார்கள். வால் யாருக்கு முளைத்தது என்றார் ஒருவர். தமிழைக் கொல்லாதே என்றார் இன்னொருவர். சிரிப்புப் படங்கள் வந்தன. அவர் மட்டும் அந்த இளைஞருக்குத் தனிச்செய்தி அனுப்பினார்: “தம்பி, z தட்டினா ழ வரும். தமிழ்ல போட்டதுக்கு சந்தோஷம்.” நன்றி என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது.

பிழையைச் சுட்டுங்கள், ஆனால் தனியாகச் சுட்டுங்கள் என்று அவர் கேட்டுக்கொள்கிறார். அந்த இளைஞர் இன்னும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். சித்திரைப் பிறப்புக்கும் அடுத்த பொங்கலுக்கும் வாழ்த்துச் சொன்னார். இரண்டும் ஆங்கிலத்தில்.